எரியும் வயிறும் கிருமியும்

துன்பத்தைச் சொல்ல வருங்கால் தமிழ் மக்கள் நெஞ்சைத் தொடுவதைவிட வயிற்றைத் தொடுவதே மிகுதி. அச்சம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. பிழைப்பைக் கெடுத்தவன் வயிற்றில் அடித்தவன் ஆகிறான். அநீதியைக் கண்டு ஆற்றாதவன் வயிறு எரிகிறான். மகன் நலிந்தால் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. மனத்தின் நோவுக்கும் உடலின் நோவுக்கும் ஒரே சொல்லை வழங்கிய இம்மரபு வெறும் சொல்லணிதானா, அன்றி நெடுநாள் அனுபவத்தின் பயனா என்ற கேள்வி எழுவது இயல்பு. இதே கேள்வியைத்தான் வைத்திய உலகமும் வேறு மொழியில் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்தது. இரைப்பையில் புண் தோன்றுவது உணவாலா, கவலையாலா, கிருமியாலா? அந்த வழக்கில் தமிழ் நாட்டின் தென்கோடியிலிருந்து வந்த சாட்சியமும் இடம் பெற்றது என்பதைப் பலர் அறியார்.

நுவரெலியாவின் குளிர்ந்த உச்சியிலிருந்து கிழக்கே இறங்கினால் வலப்பனை. மேலே தேயிலை, கீழே மகாவலியை நோக்கிச் சரியும் பள்ளங்களில் படிப்படியாக நெல் வயல். ஒரே மலைச்சரிவில் இருவகை மக்கள், இருவகை உணவு. சிங்களக் கிராமத்தவர் தாமே விளைத்த நெல்லை உண்டனர். தோட்டத் தமிழர் கப்பலில் வந்த அரிசியை, கூலியில் கழித்துக்கொண்டு அளந்து கொடுக்கப்பட்ட அளவில் உண்டனர். ஆயினும் பசி இருவரையும் விட்டு வைக்கவில்லை. 1880களில் நெல்வரி செலுத்த இயலாத உழவர்களின் வயல்கள் வலப்பனையில் ஏலம் போயின. நிலம் இழந்தவர்கள் ஊரை விட்டு அலைந்ததையும், பசியாலும் பசியைத் தொடர்ந்த நோயாலும் மாண்டதையும் அக்காலத்து நுவரெலியா உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் என்பவரே அறிக்கையாக எழுதினார். அதிகாரி ஒருவர் தம் அரசாங்கத்தின் வரியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது சிறு செயலன்று. அவ்வரி 1890களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது.

பசி தனியே கொல்வது அரிது. துணைக்கு ஒரு நோயை அழைத்துக்கொண்டே வரும். மலையகத் தமிழரின் முன்னோர் இதை வழிநடையிலேயே கண்டனர். கோப்பித் தோட்டங்களுக்கென இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடந்தனர். அரைவயிறு, குளத்து நீர், கங்காணி கொடுத்த முன்பணக் கடன், முன்னே முகம் அறியாத நாடு. அவ்வழியில் வாந்திபேதி கண்டு வீழ்ந்தவர் ஏராளம். 1884இல் ரொபர்ட் கொக் கல்கத்தாவில் அந்நோயின் கிருமியை உறுதிப்படுத்திய பின்னரே அதற்குரிய விளக்கம் பிறந்தது. நலமுள்ள மனிதனின் இரைப்பை சுரக்கும் அமிலம் வாந்திபேதிக் கிருமியைப் பெரும்பாலும் உள்ளே விடாமலே கொன்றுவிடும். நெடுநாள் ஊட்டமின்றி வாடிய வயிற்றில் அவ்வமிலம் குறைந்து போகிறது. வாயிற்காவலன் உறங்கிய கோட்டைக்குள் பகைவன் எளிதில் நுழைகிறான். ஒரே குளத்தின் நீரைப் பலர் பருகியிருக்க, வீழ்ந்தவர் சிலராகவும் பிழைத்தவர் பலராகவும் இருந்ததற்குரிய காரணங்களில் இதுவும் ஒன்று.

வாந்திபேதி சில மணி நேரத்தில் முடிவு காட்டும் நோய். இரைப்பைப் புண் அப்படிப்பட்டதன்று. அது வருடக்கணக்கில் உடனிருந்து, வெறும் வயிற்றில் எரிந்து, உண்டவுடன் சற்றே அடங்கி, நள்ளிரவில் மீண்டும் எழுப்பும். இன்று மலையகத்தில் ‘கேஸ்ட்ரிக்’ என்றும், தமிழ் நாட்டில் ‘அல்சர்’ என்றும் வழங்கும் இத்தொல்லையை முதன்முதலில் பெருந்திரளாக எதிர்கொண்டு ஆராய்ந்த இடங்களுள் ஒன்று, கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர்.

நெய்யூர் மருத்துவமனை 1838இல் லண்டன் மிஷன் சங்கத்தாரால் தொடங்கப் பெற்றது. அப்பொழுது அது திருவிதாங்கூர் அரசின் தென்பகுதி. 1956இல்தான் தமிழ் நாட்டோடு இணைந்தது. 1922இல் எவரெஸ்ட் சிகரத்தை ஏற முயன்று திரும்பிய ஆங்கிலேய அறுவை வைத்தியர் ஒருவர், ஊர் பார்க்கப் போகும் வழியில் நெய்யூருக்குள் நுழைந்தார். தியடோர் ஹாவர்ட் சோமர்வெல் என்பது அவர் பெயர். நோயாளிகள் வரிசையையும் ஓய்வின்றி உழைத்துச் சோர்ந்த வைத்தியரையும் கண்டவர், லண்டனில் காத்திருந்த உயர்ந்த பதவியை விட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குப் போனார். பிறகு நெய்யூரில் ஏறக்குறைய இருபதாண்டுகள். மலை ஏறிய மனிதர் ஏழைகளின் வயிற்றைத் திறந்து பார்ப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார் எனலாம்.

அவர் கண்டது திகைப்பூட்டியது. ஐரோப்பாவில் சிறுகுடலின் தொடக்கத்தில் தோன்றும் புண்ணைத் தொழில் நெருக்கடியில் உழலும் கனவான்களின் நோய் என்று வைத்தியர்கள் பேசி வந்தனர். நெய்யூரிலோ அந்நோயோடு வந்தவர்கள் வயலில் கூலி வேலை செய்தவர்களும், பனையேறிகளும், அவர்களையொத்த ஏழைகளுமே. புண் ஆறித் தழும்பாகி, தழும்பு இறுகி, உணவு இறங்கும் வழியே அடைபட்டு, எலும்புந்தோலுமாக வருவார்கள். இரைப்பையைச் சிறுகுடலோடு வேறிடத்தில் இணைத்துத் தைக்கும் அறுவையைச் சோமர்வெல் ஆயிரக்கணக்கில் செய்தார். அவரும் உடனுழைத்த டாக்டர் ஓர் என்பவரும் 1936இல் எழுதிய ஆய்வுரையின் பொருளே, திருவிதாங்கூரின் ஏழை வகுப்பாரிடம் காணப்படும் இந்நோய் எதனால் என்பதுதான்.

அவர்களுடைய சந்தேகம் மரவள்ளிக் கிழங்கின் மீது விழுந்தது. தென்னமெரிக்காவில் பிறந்த அக்கிழங்கை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா பஞ்சத்துக்கு மருந்தாகப் பரப்பினார். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். பல உயிர்களைக் காத்தது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் பஞ்சகாலத்து உணவு நாளடைவில் எந்நாளைய உணவும் ஆகிவிட்டது. கிழங்கு, கொஞ்சம் தீட்டிய அரிசி, காரமான குழம்பு, எப்பொழுதேனும் ஒரு துண்டு மீன். பாலில்லை, பருப்பு அரிது, கீரையும் பழமும் சொற்பம்.

நெய்யூரில் எழுந்த ஐயம் நீலகிரியில் சோதனைக்கு வந்தது. குன்னூரில் ஊட்டவுணவு ஆராய்ச்சிச் சாலையை நடத்திய சர் ராபர்ட் மக்கரிசன், இந்தியாவின் பல மாகாணத்தார் உண்ணும் உணவை அப்படியே சமைத்து எலிகளுக்கு இட்டுப் பார்த்தவர். சீக்கியரின் உணவாகிய முழுக்கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றைத் தின்ற எலிகளுக்கு இரைப்பைப் புண் காணவில்லை. சென்னை மாகாணத்து ஏழையின் உணவைத் தின்றவற்றுள் பத்தில் ஒரு பங்குக்குப் புண். திருவிதாங்கூர் ஏழையின் உணவைத் தின்றவற்றுள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் புண். எலிக்குக் கடன் இல்லை, கங்காணி இல்லை, மகளின் கலியாணக் கவலை இல்லை. ஆகவே உணவு மட்டுமே போதும் என்று ஒரு கட்சி தீர்மானித்ததில் வியப்பில்லை.

மற்றொரு கட்சிக்கும் சான்று குறையவில்லை. 1822இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்த அலெக்சிஸ் சென்ட் மார்ட்டின் என்பவரை வில்லியம் போமண்ட் என்ற இராணுவ வைத்தியர் பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கினார்; கோபமும் கலக்கமும் வருங்கால் இரைப்பையின் நிறமும் சுரப்பும் மாறுவதைத் துளை வழியே கண்டு 1833இல் நூலாக வெளியிட்டார். 1936இல் ஹான்ஸ் செலி, கடுந்துன்பத்துக்கு உள்ளான எலிகளின் இரைப்பையில் புண் தோன்றுவதைக் காட்டினார். 1940இல் லண்டன் நகரின் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தபோது, புண் முற்றி இரைப்பை துளைபட்ட நோயாளிகள் மருத்துவமனைகளில் பெருகினர். மனக்கவலையே மூலம் என்று அடுத்த தலைமுறை வைத்தியர்கள் நம்பினார்கள். பால், கஞ்சி, ஓய்வு, அமிலத்தை அடக்கும் சுண்ணப்பொடி, இவையே சிகிச்சை. (பால் சிறிது நேரம் எரிச்சலைத் தணித்துப் பின்னர் அமிலத்தை மிகுவிக்கும் என்பது பிற்காலத்து அறிவு.) கவலைப்படாதே என்று நோயாளிக்குச் சொல்வதில் வைத்தியருக்குச் செலவு ஒன்றுமில்லை, ஆனால் கவலைக்கான காரணத்தை நீக்குவது அவர் கையில் இல்லை. இது நோயாளியின் மீதே பழியைச் சுமத்தும் வழியாகவும் ஆகிவிட்டது.

இந்நிலையில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1979இல் ராபின் வாரன் என்னும் நோய்க்குறியியலார், வீங்கிய இரைப்பைத் திசுவில் சுருள் வடிவக் கிருமிகள் ஒட்டியிருக்கக் கண்டார். அமிலக் கடலில் எந்தக் கிருமியும் வாழாது என்பது அக்காலத்து வேதவாக்கு. அவரை நம்பிய இளைஞர் பேரி மார்ஷல் 1981இல் உடன் சேர்ந்தார். கிருமியை வளர்த்தெடுக்கும் முயற்சிகள் தொடர்ந்து தோற்றன. வழக்கம்போல இரண்டு நாளில் பார்த்துவிட்டுத் தட்டை எறிந்துவிடுவார்கள். 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு ஐந்து நாள் கிடந்துவிட்டது. அதில் கிருமி முளைத்திருந்தது. சோம்பலுக்குக் கிடைத்த பரிசு என்று சிரிக்கலாம். ஆனால் மெதுவாக வளர்வது அக்கிருமியின் இயல்பு என்பதை அந்த விடுமுறைதான் கற்பித்தது. 1984இல் மார்ஷல் கிருமிக் கலவையைத் தாமே குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வரப் பெற்றார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அக்கிருமிக்குப் பின்னர் பெயர் வழங்கிற்று. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றிரண்டு வாரம் உண்ணும் மருந்துகளால் ஆறக்கூடிய புண்ணுக்காகத் தலைமுறை தலைமுறையாக மக்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டார்கள் என்பது அப்போது வெளியாயிற்று. நெய்யூரில் தழும்போடு வாழ்ந்து மறைந்தவர்களுக்கு அச்செய்தி எட்டவில்லை.

அமிலத்தில் அக்கிருமி எவ்வாறு பிழைக்கிறது? உடலில் உள்ள யூரியாவைச் சிதைத்து அமோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றிச் சிறு கவசம் அமைத்துக்கொள்கிறது. பின்னர் இரைப்பையின் வழவழப்பான சளிப்படலத்துக்குள் துளைத்துப் புகுந்துகொள்கிறது. இரைப்பையின் கீழ்ப்பாகத்தில் குடியேறினால் அமிலச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் பொறி பழுதாகி அமிலம் மிகும். அது சிறுகுடலின் தொடக்கத்தைப் புண்ணாக்கும். மேற்பாகத்திலும் பரவிவிட்டால் அமிலம் குறைந்து, இரைப்பைப் புண்ணுக்கும், சிலரிடம் நெடுங்காலத்துக்குப் பின் புற்றுக்கும் வழியாகும். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுக்குக் காரணமான கிருமி என்றே அறிவித்தது.

வழக்கு இத்துடன் முடிந்தது என்று பலர் நினைத்தனர். முடியவில்லை. கிருமியை உடையவர் உலகில் கோடானுகோடி. புண் வந்தவரோ அவர்களுள் பத்தில் ஒருவர் அல்லது சற்று அதிகம். எஞ்சியோருக்கு ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடும் இடத்தில்தான் உணவும் மனமும் மறுபடியும் சபைக்கு அழைக்கப்பட்டன.

இந்திய ரயில்வேயில் வைத்தியராயிருந்த எஸ். எல். மல்கோத்ரா 1964இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே நிறுவனத்தின் ஊழியர், ஒரே வகை வேலை. ஆனால் அரிசியுண்ணும் தெற்கில் புண் மிகுதி, கோதுமை ரொட்டியுண்ணும் வடமேற்கில் குறைவு. மென்று தின்ன வேண்டிய உணவு உமிழ்நீரை மிகுவித்து இரைப்பையைக் காக்கிறது என்பது அவர் கருத்து. மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி என்ற அறுவை வைத்தியர் இன்னும் தூரம் போனார். கிருமியின் பரவல் வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க, புண்ணின் பரவல் மட்டும் வேறுபடுவானேன் என்று கேட்டார். தானியங்களிலும் பயறுகளிலும் உள்ள ஒரு வகைக் கொழுப்புப் பொருள் இரைப்பைக்குக் காவல் என்று அவரும் அவரோடு சேர்ந்தோரும் விலங்குகளில் சோதித்துக் காட்டினர். தீட்டி வெளுத்த அரிசியிலும் கிழங்கிலும் அக்காவல் இல்லை. அது செழுமையாக இருந்த பயறுகளுள் ஒன்று, தமிழர் குதிரைக்கு என்று ஒதுக்கி வைத்த கொள்ளு.

இனி மலைச்சரிவுக்குத் திரும்பலாம். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்த அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு முறை வந்தது. கூப்பன் அரிசி சுருங்கியது. அதன் இடத்தில் கோதுமை மா வந்தது. வந்தது பின்னர் போகவில்லை. தோட்டத்து லயங்களில் ரொட்டியும் சம்பலும் சாயத் தேநீரும் அன்றாட உணவாக நிலைத்த கதை பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது. கோதுமை காவல் என்றாரே மல்கோத்ரா என்று ஒருவர் கேட்கலாம். பஞ்சாபி உண்டது தவிட்டோடு கூடிய முழுமா, பாலோடும் பருப்போடும். தோட்டத்தில் கிடைத்தது தவிடு நீக்கிய வெள்ளை மா. பெயர் ஒன்று, பொருள் வேறு. போதாக்குறைக்கு 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசிப் பங்கீடு குறைந்து, மாவும் அருகி, விலை ஏறியபோது தோட்ட மக்கள் மரக்கறியின்றியும் சில நாள் எதுவுமின்றியும் இருந்தனர். 1974இல் தோட்டப் பகுதியின் மரண விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிகவும் உயர்ந்ததை அரசாங்கப் பதிவேடுகளே காட்டுகின்றன.

மனச்சுமையின் பட்டியலும் சிறிதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், ஒரே குடும்பத்தில் ஒருவர் இந்தியாவுக்குரியவர், மற்றவர் இலங்கைக்குரியவர் என்று பிரிக்கப்பட்ட துயரத்தை இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் இன்னும் நினைவு வைத்திருப்போர் உண்டு. இவை வயிற்றைத் தொட்டனவா என்று அளந்து வைத்தவர் எவருமில்லை. ஆனால் வேறிடங்களில் அளந்திருக்கிறார்கள். 1995 சனவரி 17இல் யப்பானின் கோபே நகரத்துப் பூகம்பத்துக்குப் பின் இரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் திடீரெனப் பெருகின. பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் வயிற்றில் முன்னரே கிருமி இருந்தது. கிருமி நெடுநாள் உறங்கிக் கிடந்தது, அதிர்ச்சி அதை எழுப்பியது என்று சொல்லத் தோன்றும். டென்மார்க்கில் 3379 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஓர் ஆய்வு 2015இல் வெளியாயிற்று. மனநெருக்கடி மிகுந்த பிரிவினருக்குப் புண் வரும் வாய்ப்பு, நெருக்கடி குறைந்தவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கிருமி உடையவர், இல்லாதவர் என்று பிரித்துப் பார்த்தபோதும் அவ்வேறுபாடு நின்றது. வயிறெரிதல் வெறும் சொல்லணியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கவலை எவ்வழியே இரைப்பையை அடைகிறது? சளிப்படலத்துக்கு ஊட்டம் தரும் இரத்தவோட்டம் சுருங்குகிறது. சிலரிடம் அமிலம் மிகுகிறது. அதைவிடப் பெரிய வழி பழக்கங்களின் வழி. கவலையுற்றவன் நேரத்துக்கு உண்பதில்லை, உறங்குவதில்லை, பீடியையும் சாராயத்தையும் நாடுகிறான். புகைப்பவனின் புண் ஆறத் தாமதிக்கும் என்பது நன்கு நிறுவப்பட்டது. மலையேறிக் கொழுந்து பறித்து இடுப்பும் முழங்காலும் நோகும் பெண் ஒருத்தி, கடையில் விற்கும் வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கினால் அதுவே தனியாக ஒரு புண்ணை உண்டாக்க வல்லது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடும்போது ஒரு குவளைத் தேநீர், பத்து மணிக்கு ஆறிப்போன ரொட்டி, பின்னர் கொழுந்து நிறுத்து முடியும்வரை ஒன்றுமில்லை என்ற நாட்கணக்கில், மிளகாயைக் குற்றம் சொல்வது நியாயமன்று. மிளகாய் எரிச்சலை உணர்த்தும். புண்ணை ஆக்குவதாக நிறுவப்படவில்லை. உப்பு அப்படியன்று, உப்பிட்டு உலர்த்திய உணவு மிகுதியானால் கிருமியுள்ள இரைப்பையில் புற்றின் அபாயம் கூடுகிறது என்று யப்பானிய ஆய்வுகள் சொல்கின்றன. கருவாடு அன்றாடத் துணையாகிய வீடுகளில் இது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

கிருமி வந்து சேரும் பருவம் பெரும்பாலும் குழந்தைப் பருவம். தாயிடமிருந்தும் உடன்பிறந்தாரிடமிருந்தும், ஒரே பாயில் படுத்து, ஒரே பாத்திரத்தில் உண்டு, சுத்தமற்ற நீரைக் குடித்துப் பரவுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கட்டிய லய அறையில் மூன்று தலைமுறை உறங்கிய காலத்தில் அதற்கு இதைவிட வாய்ப்பான வீடு அமையாது. தோட்டங்களில் கொக்கிப்புழுவை எதிர்த்து 1916இல் ரொக்பெல்லர் ஸ்தாபனத்தார் இயக்கம் நடத்தியபோதும், மருந்தைக் கொடுத்துப் புழுவை இறக்கியும் மலசலகூடமில்லாத லயத்தில் புழு திரும்பி வந்துகொண்டேயிருந்தது.

யப்பானில் யுத்தத்துக்கு முன் பிறந்தவர்களுள் பெரும்பான்மையோரிடம் காணப்பட்ட இரைப்பைக் கிருமி, குழாய்நீரும் தனித்தனிப் படுக்கையும் வந்த பின் பிறந்தவர்களிடம் மிகக் குறைந்து போயிற்று. அவ்வீழ்ச்சி தொடங்கியபோது மார்ஷல் இன்னும் பள்ளிச் சிறுவன். கிருமிக்குப் பெயர்கூட வைக்கப்படவில்லை.